ரிப்போர்ட் கேட்டீர்கள், கொடுத்தோம், இப்போது டி.சி. எதற்கு?

மதிப்புக்குரிய தாளாளர் அவர்களுக்கும் பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும்,

ஒன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகனை ஜூன் மாதம் வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி உங்கள் அலுவலகத்திலிருந்து போன வாரம் கடிதம் வந்தது. அவனுடைய எழுத்துச் சிரமம் பற்றிய மதிப்பீட்டு அறிக்கையைப் பரிசீலித்தீர்களாம். அவனுக்குத் தேவையான வசதி உங்கள் பள்ளியில் இல்லையாம். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். விஷயம் அவ்வளவுதான், கீழே பள்ளி முத்திரை. அந்த அறிக்கையை எடுத்து வரச் சொன்னதே நீங்கள்தான் என்பது மட்டும் கடிதத்தில் எங்கும் இல்லை.

நேரில் பேச வந்தேன். வரவேற்பு மேசையைத் தாண்டி விடவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பள்ளியின் பெயரையோ என் மகனின் பெயரையோ இங்கே போடப் போவதில்லை. உங்களுக்கு யாரென்று தெரியும். இதே மாதிரி கடிதம் கையில் வைத்திருக்கும் மற்ற பெற்றோருக்கும் தெரியும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு நடந்த பெற்றோர் கூட்டத்தில் வகுப்பாசிரியை என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். பையன் கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்கிறான், கணக்கை மனசிலேயே போட்டுவிடுகிறான், ஆனால் நோட்டில் மட்டும் ஒன்றும் வருவதில்லை, ஒரு டாக்டரிடம் காட்டிப் பாருங்கள் என்றார். நாற்பதுக்கு மேல் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒரு பிள்ளையை இவ்வளவு கவனித்திருக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இந்தக் கடிதத்தைக் காரணம் காட்டி அவரிடம் யாரும் விளக்கம் கேட்க வேண்டாம்.

பிறகு அதே விஷயம் உங்கள் அலுவலகம் வழியாக வந்தது. பையனின் டைரியில் "அசெஸ்மென்ட் ரிப்போர்ட் அவசியம் சமர்ப்பிக்கவும்" என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினீர்கள்.

வீட்டில் யாருக்கும் இதில் இஷ்டமில்லை. "ஆம்பளப் பையன், மெதுவாத்தான் வரும்" என்றார் மாமியார். என் கணவரின் பயம் வேறு: ஒரு தடவை பேப்பரில் எழுதிவிட்டால் பிள்ளை பின்னாலேயே அது வரும், எவனாவது எடுத்துக் காட்டி வெளியே போ என்பான். நான்தான் அவரைச் சமாதானப்படுத்தினேன். பள்ளியே கேட்கிறது, சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்றத்தானே கேட்பார்கள் என்றேன். அவர் பயந்தது அப்படியே நடந்திருக்கிறது. இப்போது அவருக்கு நான் என்ன பதில் சொல்வது என்று நீங்களே சொல்லுங்கள்.

குழந்தைகள் டாக்டர் முதலில் காதைப் பரிசோதிக்கச் சொன்னார். பேச்சோ படிப்போ எதில் தாமதம் என்றாலும் காதும் கண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்காமல் மேலே போகக் கூடாது என்பது அவர் கட்சி. ஹெட்போனை மாட்டி உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு மணியை டப்பாவில் போடச் சொன்னார்கள். என் மகன் அதை விளையாட்டு என்றே நினைத்தான். காதில் குறையில்லை, கண்ணிலும் இல்லை. அப்புறம் மனநல உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், கடைசியாக ஒரு சிறப்பாசிரியை. எங்கள் ஊரில் எல்லோரும் ஒரே இடத்தில் கிடைக்காததால் திருச்சிக்கு அலைந்தோம். லீவும் போனது, பணமும் போனது. அதைப் பற்றி நான் குறைப்படவில்லை.

அந்தச் சிறப்பாசிரியை காட்டிய ஒரு விஷயத்தை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 'தேன்' என்று எழுதச் சொன்னால் என் மகன் முதலில் 'த' எழுதி, அதற்குப் பின்னால் இரட்டைக் கொம்பைப் போடுகிறான். 'கை' எழுதச் சொன்னாலும் அதே கதைதான், கொம்பு வலது பக்கம் போய் நிற்கும். 'கொடி' என்றால் கொம்பையும் காலையும் சேர்த்தே 'க'வுக்கு வலப்புறம் வைத்துவிடுவான். பள்ளி நோட்டில் இவை எல்லாவற்றுக்கும் பெருக்கல் குறி போட்டு, ஓரத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதி, பத்து தடவை இம்போசிஷன் கொடுத்திருக்கிறார்கள். சிறப்பாசிரியை நோட்டை ஒரு பக்கம் புரட்டிவிட்டுச் சிரித்தார். "காதுல முதல்ல 'த்' விழுது, அப்புறம்தான் 'ஏ' விழுது. கேட்ட வரிசையில எழுதுறான். தமிழ்ல கொம்பு முன்னாடி வரும்னு அவனுக்குத் தனியாக் காட்டணும்" என்றார். இந்தத் தப்பை ஆரம்பத்தில் பல பிள்ளைகள் செய்வார்கள், சீக்கிரமே விட்டுவிடுவார்கள், இவனுக்கு மட்டும் இன்னும் விடவில்லை, அதனால்தான் கவனிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னார். மணல் தட்டில் விரலால் எழுத வைத்து, கொம்புக்கு ஒரு நிறம், எழுத்துக்கு ஒரு நிறம் என்று பிரித்துக் காட்டினார். பத்து தடவை தப்பாகவே எழுத வைத்த இம்போசிஷனைவிட அந்த அரை மணி நேரம் உருப்படியாக இருந்தது.

அறிக்கை வந்தது. அதில் என்ன இருந்தது என்பதை நானே இங்கே சொல்லிவிடுகிறேன். எப்படியும் வேன் டிரைவர் வரைக்கும் தெரிந்துவிட்டது, அதைப் பிறகு சொல்கிறேன். பையனின் அறிவுத்திறன் வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது. ஒலியை எழுத்தோடு இணைப்பதில் பின்தங்கியிருக்கிறான். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் மிகவும் மெதுவாக இருக்கிறான். இதைக் கற்றல் குறைபாடு என்று இந்த வயதில் முடிவுகட்ட முடியாது, எட்டு வயதுக்குப் பிறகு மறுபடியும் சோதிக்க வேண்டும். அதுவரை வகுப்பில் என்னென்ன உதவி செய்ய வேண்டும் என்று கடைசிப் பக்கம் முழுக்க எழுதியிருந்தார்கள்.

அதை உங்கள் அலுவலகத்தில் கொடுத்தபோது முதல் இரண்டு பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்தார்கள். மதிப்பெண்களும் அட்டவணையும் இருந்தவை அந்த இரண்டும்தான். கடைசிப் பக்கத்தை நானே நீட்டினேன். "இது வேணாங்க மேடம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆக, நீங்கள் 'பரிசீலித்தது' எது என்று எனக்குத் தெரியும். பையனுக்கு என்ன வராது என்பதை வாங்கி வைத்துக்கொண்டீர்கள். என்ன செய்தால் வரும் என்பதை வேண்டாம் என்றுவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு வகுப்பில் அவன் இடம் கடைசி பெஞ்சுக்குப் போனது. கரும்பலகையைப் பார்த்து எழுதுவதுதான் அவனுக்குச் சிரமம் என்று எழுதிக் கொடுத்த பிறகு இப்படி! ஆண்டு விழா நடனத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். நடனத்துக்கும் கொம்பு போடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது எனக்கு விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் சாயங்காலம் வேன் டிரைவர், அவர் நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, "பையனுக்கு மூளையில ஏதோ பிரச்சினையாமேம்மா, மாத்திரை குடுக்கறீங்களா?" என்று கேட்டார். அலுவலகத்தில் கொடுத்த காகிதம் ஆயா வாய்க்கும் வேன் டிரைவர் காதுக்கும் எப்படிப் போனது? இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இடையில் இரண்டு நிபந்தனைகளும் வைத்தீர்கள். ஒன்று, சலுகை வேண்டுமென்றால் கற்றல் குறைபாடு இருப்பதாக அரசுச் சான்றிதழ் கொண்டு வர வேண்டும். மத்திய அரசின் வழிகாட்டி நெறிகளின்படி, அந்தச் சான்றிதழை எட்டு வயது ஆன பிள்ளைகளுக்குத்தான் கொடுப்பார்கள். ஆறரை வயதுப் பையனிடம் அதைக் கேட்டால், 'உனக்கு உதவி கிடையாது' என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்ள முடியும். இரண்டாவது, எங்கள் செலவில் ஒரு ஷேடோ டீச்சரை, அதாவது வகுப்பில் அவன் கூடவே உட்கார்ந்து உதவும் ஆளை, வைத்துக்கொள்ள வேண்டும். அறிக்கையில் எந்த இடத்திலும் அவனுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும் என்று இல்லை. முன் பெஞ்ச், வாய்மொழித் தேர்வு, பலகையில் இருப்பதை எழுத வைப்பதற்குப் பதிலாக அச்சடித்த தாள், இம்போசிஷன் கூடாது. கேட்டது இவ்வளவுதான். இதில் எதற்கு ஆள் சம்பளம்?

வசதி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் உங்களிடம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 16ஆவது பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கு மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கும் பொருந்தும். பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும், பிள்ளையின் தேவைக்கேற்ப நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும், கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து அதற்கேற்ற கற்பித்தல் முறைகளைக் கையாள வேண்டும் என்று அதில் இருக்கிறது. கண்டறிவது பள்ளியின் பொறுப்பு. 'கண்டறிந்து வெளியே அனுப்பு' என்று அதில் ஒரு வரிகூட இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 16ஆவது பிரிவு, தொடக்கக் கல்வியை, அதாவது எட்டாம் வகுப்பை, முடிக்கும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. 2019இல் அந்தப் பிரிவைத் திருத்தி ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து நிறுத்தி வைக்கலாம் என்றார்கள். அப்போதும் வெளியேற்றும் உரிமையை யாருக்கும் கொடுக்கவில்லை. நீங்கள் அனுப்பியது வெளியேற்றக் கடிதம் இல்லை, 'ஆலோசனை' என்று உங்கள் மேலாளர் போனில் சொன்னார். சரி, ஆலோசனை என்றால் அதை மறுக்கும் உரிமையும் எனக்கு உண்டு. மறுக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டில் உங்கள் ஃப்ளெக்ஸ் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி, பிள்ளைகளின் முகங்கள் வரிசையாக. அதைப் பார்க்கும்போதெல்லாம், அந்த நூறு சதவீதத்துக்கான வேலை எந்த வகுப்பில் தொடங்குகிறது என்று யோசிக்கிறேன். ஒன்றாம் வகுப்பிலேயே களையெடுத்துவிட்டால் பத்தாம் வகுப்பில் தோற்பதற்கு ஆள் இருக்காது. வேறு காரணம் இருந்தால் நீங்கள் சொல்லலாம்.

அரசுப் பள்ளியில் ஒன்றாவது படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பயிற்சி நூலைப் பார்த்தேன். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அவரவர் நிலைக்கு ஏற்ற பயிற்சி கொடுக்கிறார்கள். அது எல்லா ஊரிலும் சரியாக நடக்கிறதா என்று நான் வாதாட வரவில்லை. ஒரே வகுப்பில் பிள்ளைகள் வேறு வேறு நிலையில் இருப்பார்கள் என்பதையாவது அங்கே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஃபீஸ் கட்டிப் படிக்கும் இடத்தில் அந்த ஒப்புதல்கூட இல்லை. 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்திலும் இதே கதைதான். அங்கன்வாடிக்கும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. பிறவிக் குறைபாடு, நோய், சத்துக் குறைவு, வளர்ச்சித் தாமதம் எல்லாம் அதில் அடக்கம். சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புகிறார்கள். சுயநிதிப் பள்ளிப் பிள்ளைகளைத் தேடி அந்தக் குழு வராது. உங்கள் பள்ளியில் வருஷா வருஷம் நடக்கும் ஹெல்த் கேம்பில் பல், எடை, உயரம் பார்க்கிறார்கள், ஃபோட்டோ எடுக்கிறார்கள். காது கேட்கிறதா என்று ஒரு வருஷமும் பார்த்ததில்லை.

இது என் மகன் ஒருவனோடு முடியும் விஷயமாக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். விஷயம் வெளியே தெரிந்த பிறகு உங்கள் பள்ளியிலேயே படிக்கும் மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் என்னிடம் வந்து பேசினார்கள். ஒருவருடைய பெண் எல்.கே.ஜி.; பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுவதில்லை. டாக்டர் மதிப்பீடு செய்யச் சொல்லியிருக்கிறார். "உங்க பையனுக்கு ஆனத பாத்த பிறகு எப்படிக்கா போறது?" என்று கேட்டார். இன்னொருவர் ஏற்கெனவே பரிசோதித்து முடித்துவிட்டார். ரிப்போர்ட் பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறது. பள்ளிக்குத் தெரியாமல் சாயங்காலம் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறார், கேட்டால் 'பாட்டு கிளாஸ்' என்று சொல்லும்படி பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

பெயர் சொன்னால் திரும்பாத குழந்தையை ஒரு வயதிலேயே கவனிக்க வேண்டும், இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால் காத்திருக்கக் கூடாது என்று குழந்தைகள் டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எவ்வளவு சீக்கிரம் பயிற்சி தொடங்குகிறதோ அவ்வளவு பலன். அந்த எல்.கே.ஜி. பெண்ணின் அம்மாவிடம், பள்ளியை விடுங்கள், காதையாவது இந்த வாரமே பரிசோதியுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் ரிப்போர்ட்டைப் பள்ளியில் கொடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பிள்ளையைப் பரிசோதிப்பதா வேண்டாமா என்பதைப் பெற்றோர் பிள்ளையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இங்கே உங்கள் அலுவலகத்தைப் பார்த்து முடிவு செய்துகொண்டிருக்கிறார்கள். நீங்கள் ஒரு பிள்ளைக்கு டி.சி. நீட்டும்போது பத்துப் பிள்ளைகளின் ரிப்போர்ட் பீரோவுக்குள் போகிறது. பரிசோதனையே நடக்காமல் போகும் பிள்ளைகள் எத்தனை என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

இனி என் கோரிக்கைகள்.

போன வாரக் கடிதத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். ஜூன் மாதம் என் மகன் உங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் உட்கார வேண்டும். போனில் 'பார்த்துக்கலாம் மேடம்' என்று சொல்வதை நான் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தை இந்தக் கடிதத்தோடு மறுபடியும் இணைத்து அனுப்பியிருக்கிறேன். இந்த முறை வாங்கிக்கொள்ளுங்கள். முன் பெஞ்ச், வாய்மொழித் தேர்வு, அச்சுத் தாள், இம்போசிஷன் நிறுத்தம் ஆகிய நான்கையும் முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்பே தொடங்குங்கள். வகுப்பாசிரியை, நாங்கள், திருச்சியில் பார்க்கும் சிறப்பாசிரியை மூவரும் பருவத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து, என்ன வேலை செய்தது, எதை மாற்ற வேண்டும் என்று எழுதி வைக்க அனுமதி கொடுங்கள். சிறப்பாசிரியை போனில் பேசத் தயாராக இருக்கிறார், அதற்குப் பணம் கேட்கவில்லை. எட்டு வயதுக்கு முன் சான்றிதழ் கேட்பதையும் ஷேடோ டீச்சர் நிபந்தனையையும் கைவிடுங்கள்.

அறிக்கையின் நகல்கள் இப்போது யார் யாரிடம் இருக்கின்றன என்று எழுதித் தாருங்கள். ஒரு நகல் போதும், அது பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். வகுப்பாசிரியையும் தலைமை ஆசிரியரும் தவிர வேறு யாரும் பார்க்க வேண்டாம். இனி எந்தப் பிள்ளையின் டைரியிலும் 'அசெஸ்மென்ட் ரிப்போர்ட்' என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பாதீர்கள். பெற்றோரை அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுங்கள்.

வரும் கல்வியாண்டில் எல்.கே.ஜி. முதல் இரண்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் காது, கண், பேச்சு, வளர்ச்சி ஆகியவற்றுக்கு ஒரு ஆரம்பப் பரிசோதனை நடத்துங்கள். மாவட்ட மையத்திடம் நீங்கள் எழுதிக் கேட்கலாம். வர முடியாது என்றால் ஹெல்த் கேம்புக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு காது பரிசோதகரை வரவழைக்கலாம். பெற்றோர் சம்மதித்தால் மட்டும் செய்யுங்கள், முடிவை அவர்களிடம் மட்டும் கொடுங்கள். ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற சிறப்பாசிரியர் ஒருவரைப் பள்ளிக்கு நியமியுங்கள். இத்தனை பிரிவுகள் நடத்தும் பள்ளிக்கு ஒரு சம்பளம் பாரமாக இருக்காது.

கடைசியாக, மதிப்பீட்டு அறிக்கை கொடுத்த காரணத்துக்காக எந்தப் பிள்ளைக்கும் மாற்றுச் சான்றிதழ் தர மாட்டோம் என்று எல்லாப் பெற்றோருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். உங்கள் கையெழுத்தோடு அனுப்புங்கள்.

15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால், போன வாரக் கடிதம், டைரிப் பக்கம், நோட்டின் நகல்கள் எல்லாவற்றையும் சேர்த்து மாவட்டக் கல்வி அலுவலருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் மனு அனுப்புவேன். மனு தயாராக இருக்கிறது, தேதி மட்டும் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்